சந்தனப் பொட்டும் சகலையின் லேப்டாப்பும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சகலையின் லேப்டாப் எழுந்திருக்கவில்லை. பழி என் மேல் விழுந்தது. என் மனைவிகூட என்னைச் சந்தேகப்பட்டாள். அன்று முருகன் என்னைக் கைவிடவில்லை. அதைத்தான் எழுதுகிறேன். நான் பஸ் ஓட்டுகிறவன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுக்கவும்.

தொண்ணூறுகளில் நடந்தது. என் பெரியவள் பள்ளியில் சேர்ந்த வருஷம். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். சந்திரன் என் மனைவியின் தங்கை வசந்தாவைக் கட்டியவர். முன்பு அவரும் என் பஸ்ஸில்தான் வேலைக்குப் போவார். என் பின் சீட்டில் உட்கார்ந்து தூங்குவார். பிறகு படித்தார். பதவி உயர்ந்தது. கார் வாங்கினார். என் பஸ்ஸைத் தாண்டிப் போகும்போது ஹாரன் அடித்துக் கை காட்டுவார். நானும் காட்டுவேன். உள்ளே எரியும்.

எங்கள் மாமனார் வீடு ஆயர் ஈத்தாமில் ஒரு பிளாட். ஆயுத பூசைக்கு எல்லாரும் அங்கே கூடுவோம். ஒவ்வொரு வருஷமும் என் பஸ் சாவிதான் சாமி படத்துக்கு முன்னால் நடுவில் இருக்கும். அந்த வருஷம் சந்திரன் கம்பெனி கொடுத்த லேப்டாப்பைக் கொண்டுவந்தார். மாமனார் என் சாவியை எடுத்து ஓரத்தில் வைத்தார். நடுவில் லேப்டாப்பை வைத்தார்.

“கம்பெனியில எல்லாருக்கும் குடுக்க மாட்டாங்களாம்லா. சின்ன மாப்பிள்ளைக்குக் குடுத்திருக்காங்க” என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

மூத்த மருமகன்தான் எல்லாப் பொருளுக்கும் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும். அது அந்த வீட்டு வழக்கம். தையல் மெஷின், அரிவாள், ஸ்பேனர், பிள்ளைகளின் புத்தகம், எல்லாவற்றுக்கும் வைத்தேன். லேப்டாப்புக்கும் வைத்தேன்.

கீழே போய்ப் பஸ்ஸுக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். சந்திரன் சிரித்தார். “அண்ணே, பஸ்ஸுக்கு நாலு பழம். என் சாமானுக்கு டயரே இல்லையே, எங்க வெக்கிறது?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தச் சாமான் எங்கேயாவது தொலைந்தால் என்ன என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அன்று இரவு எல்லாரும் அங்கேயே தங்கினோம். மறுநாள் காலையில் சந்திரன் லேப்டாப்பைத் திறந்து பட்டனை அமுக்கினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி அமுக்கினார். பேட்டரியைக் கழற்றி மாட்டினார். வேறு பிளக்கில் செருகினார். திரை கறுப்பாகவே இருந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. திங்கட்கிழமை வெளிநாட்டுப் பெரிய மேனேஜருக்குக் காட்ட வேண்டிய வேலை முழுவதும் அதற்குள் இருந்தது. சாமானும் கம்பெனியுடையது.

“பூசையில வெச்சதுதானே? யாரு கை பட்டுச்சு?” என்றார் மாமனார்.

“அத்தான்தான் சந்தனம் வெச்சாரு” என்றாள் வசந்தா. அவள் தப்பாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

மாமனார் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார். “சில பேரு கண்ணு பட்டாலே போதும்லா. இதுல கை வேற பட்டிருக்கு.”

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். என் மனைவி ராஜம்மா படிக்கட்டு வரை பின்னாலேயே வந்தாள்.

“நீங்க ஒண்ணும் பண்ணலியே?” என்று மெதுவாகக் கேட்டாள்.

மாமனார் சொன்னதைத் தாங்கினேன். இதைத் தாங்க முடியவில்லை.

மோட்டார் சைக்கிளில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனேன். நிற்காமல் மேலே ஏறினேன். எனக்குப் பாட்டு, பதிகம் ஒன்றும் தெரியாது. சன்னதியில் நின்று மனதுக்குள் பேசினேன். “முருகா, எனக்கு அவன் மேல் பொறாமை. உனக்குத் தெரியும். ஆனால் என் கையால் கெடுதல் செய்யவில்லை. அதை நீதான் காட்ட வேண்டும். அந்தப் பெட்டியைத் திறந்து விடு. இல்லாவிட்டால் என் பெண்டாட்டி முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?” அவ்வளவுதான். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு இறங்கினேன்.

திரும்பி வந்தபோது சந்திரன் ஜன்னல் வெளிச்சத்தில் லேப்டாப்பைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கையில் கோயில் விபூதி இருந்தது.

“அண்ணே, அதுல மட்டும் இனி ஒண்ணும் பூசிடாதீங்க” என்றார். பிறகு, “இங்க வந்து பாருங்க” என்றார்.

பின்பக்கம் ஒயர் செருகும் ஓட்டை. உள்ளே மஞ்சளாகக் காய்ந்திருந்தது. ஓரத்தில் சிவப்பு. நான் வைத்த சந்தனம். நான் வைத்த குங்குமம். ஒயர் முழுதாக உள்ளே போகவில்லை. கரண்டு ஏறவில்லை. பேட்டரியில் இருந்ததும் முந்தின நாளே தீர்ந்துவிட்டது.

கை சுத்தம் என்று இப்போதுதான் மலையில் சொல்லிவிட்டு வந்தேன்.

மாமனார் எழுந்து வந்து பார்த்தார். “நான் அப்பவே சொன்னேன்ல?”

“மாமா, அவர ஒண்ணும் சொல்லாதீங்க” என்றார் சந்திரன். “அண்ணன் முதல்ல மூடி மேல மட்டும்தான் வெச்சாரு. நாந்தான் திருப்பிக் காட்டி, பின்னாடியும் ஒண்ணு வைங்க, கம்பெனி சாமான், நல்லா இருக்கட்டும்னு சொன்னேன். ஓட்டைய நாந்தான் பாக்கல.”

“நீ சொன்னாலும் வெக்கிறவன் பாத்து வெக்க வேணாமா?”

“நாந்தான் மாமா. விடுங்கலா.”

அவர் சொன்ன பிறகுதான் எனக்கே அது ஞாபகம் வந்தது. பூசை அவசரத்தில் மறந்திருந்தேன். அவர் பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சந்திரன் பல் குத்தும் குச்சியால் மெதுவாகச் சுரண்டினார். ஈரப் பஞ்சால் துடைக்காமல் காய்ந்த துணியால் துடைத்தார். ஒயரைச் செருகினார். சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. பட்டனை அமுக்கினார். ‘பீப்’ என்று ஒரு சத்தம். திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. வேலை எல்லாம் அப்படியே இருந்தது. ராஜம்மா என் பக்கத்தில் வந்து நின்று என் கையிலிருந்த விபூதியை எடுத்து என் நெற்றியில் வைத்தாள். எனக்கு அது போதும்.

நான் கேட்டது ஒன்று. முருகன் செய்தது அதற்கும் மேல். யார் மேல் எனக்கு எரிச்சலோ அவர் வாயாலேயே என்னை விடுவித்தார். அன்றிலிருந்து வாரம் தவறாமல் மலைக்குப் போகிறேன். மாமனார் குத்திப் பேசினால் முன்போல் உறைப்பதில்லை. அவர் அப்படித்தான்.

உங்களில் யாருக்காவது சொந்தத்துக்குள் எரிச்சல் இருந்தால் அதை மறைத்து வைத்துக்கொண்டு சாமி முன் நிற்க வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். முருகன் முகம் சுளிக்க மாட்டார். எனக்குச் சுளிக்கவில்லை.

சந்திரன் மேல் எனக்கு இன்னும் பொறாமைதான். கார் மேல் இல்லை, லேப்டாப் மேல் இல்லை. “நாந்தான்” என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாரே, அதன் மேல். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை. இப்போது மலையில் அந்த மனசைத்தான் கேட்டு வருகிறேன்.