யன்னல் திறக்கச் சொன்ன ஹீற்றர்

எங்கள் மாமா எதை வாங்கினாலும் ஆறு மாதம் ஆராய்ந்துதான் வாங்குவார். சோறு அவிக்கும் குக்கருக்கே கொப்பியில் குறிப்பு எழுதி வைத்தவர் அவர். அப்படிப்பட்டவர் ஒருவரிடமும் கேளாமல் பழைய மோட்டர்ஹோம் ஒன்றை ஓட்டிவந்து மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் தன் வீட்டு வாசலில் நிறுத்தியபோது, தன் அண்ணனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றே அம்மா நினைத்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கட்டிலும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் வண்டியை அதற்கு முன் நான் கண்டதில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் அதற்குள் ஏறி மேல்கட்டிலில் படுத்துக்கொள்வேன். கூரைக் கண்ணாடியில் மேகம் நகரும். நின்ற இடத்திலேயே வண்டி என்னை எங்கெங்கோ கொண்டுபோகும்.

உண்மையில் போகவேண்டிய இடம் காஸ்பே. இலையுதிர் காலத்தில், சனம் குறைந்த பிறகு, அங்கே கடல் பார்க்கலாம் என்பது மாமாவின் திட்டம். மாமி மட்டக்களப்பில் கல்லடிக் கடற்கரையில் வளர்ந்தவர். இவ்வளவு பெரிய மொன்றியலில் ஆறு இருக்கிறது, கடல் இல்லையே என்பது அவருடைய தீராத குறை. ஆனால் அவர்தான் வரமாட்டேன் என்றார்.

"அந்தப் பெட்டிக்குள்ள என்னால படுக்க ஏலாது" என்று ஒரே பேச்சு.

மாமி வராவிட்டால் மாமா போகமாட்டார். மாமா போகாவிட்டால் எனக்கும் கடல் இல்லை. அந்தக் கோடை முழுவதும் மாமியில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மாமிக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. தை மாதக் குளிரிலும் அவருடைய அறை யன்னல் ஒரு சாண் திறந்திருக்கும். "அக்கா ரொக்ஸ்பரோ முழுக்கச் சூடாக்கப் பாக்கிறா" என்று அப்பா பகிடி பண்ணுவார். மாமியும் கூடச் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். யன்னலை மட்டும் மூடமாட்டார்.

வண்டிக்கு ஹீற்றர் வாங்க ஆற்றுக்கு அக்கரையில் உள்ள லொங்கேய் நகருக்குப் போனபோது மாமா என்னையும் கூட்டிப்போனார். கடைக்காரருக்குப் பிரெஞ்சு மட்டும்தான் தெரியும், மாமாவுக்குப் பிரெஞ்சு மட்டும்தான் தெரியாது. ஆகவே மருமகளான நான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன். முதலில் காட்டியது பெரிய ஹீற்றர். புரொப்பேன் புகையைக் குழாய்வழியே வெளியே தள்ளிவிடும், விசிறி சூட்டைப் பரப்பும், யன்னல்களை இறுக்கி மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று கடைக்காரர் பெருமையோடு சொன்னார். அதைத் தமிழில் கேட்டதும் மாமாவின் முகம் ஏனோ வாடிப்போயிற்று.

அடுத்தது சுவரில் மாட்டும் சிறிய தகடு. சுவாலையும் இல்லை, சத்தமும் இல்லை, பற்றரியும் தேவையில்லை. எரிகிற காஸின் சூடு முழுவதும் உள்ளேயே நிற்கும். சிக்கனம் என்றால் அதுதான். ஆனால் அது வண்டிக்குள் இருக்கும் காற்றை எடுத்தே எரியும். ஆகவே ஒரு யன்னல் திறந்தே இருக்கவேண்டும், மூடினால் உயிருக்கே ஆபத்து. இந்தக் குறையைக் கடைக்காரர் கொஞ்சம் குரலைத் தணித்துத்தான் சொன்னார்.

"மறுகா கேள் மனே. கட்டாயம் திறக்கத்தான் வேணுமாமா?" என்றார் மாமா. மறுகா என்றால் மட்டக்களப்பில் திரும்பவும் என்று அர்த்தம், மனே என்பது பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிடுவது.

திரும்பவும் கேட்டேன். கட்டாயம்தானாம். மாமா அதையே எடுத்துக்கொண்டார். ஹீற்றரையும் போட்டு யன்னலையும் திறந்து வைப்பதா என்று அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கு மாமாவை நினைத்து வெட்கமாக இருந்தது.

காஸ் வேலை தெரிந்தவர் வந்து அதைச் சுவரில் பூட்டிவிட்டுப் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா எப்படியோ மாமியை வண்டிக்குள் கூட்டிவந்தார். தகடு மெல்லச் சிவந்தது. வெளியே மேப்பிள் இலைகள் அவசரமில்லாமல் விழுந்துகொண்டிருந்தன. மாமி சப்பாத்தைக் கழற்றாமல் கதவோரமாகவே இருந்தார். மாமா விளக்கத்தாளை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார்.

பிரெஞ்சை எழுத்துக்கூட்டாமல் வாசித்துத் தமிழில் சொன்னேன். "இது எரியக்குள்ள யன்னல் திறந்திருக்கவேணும். மூடக்கூடாது."

"மறுகா வாசி."

வாசித்தேன்.

"இன்னும் ஒருக்கா. மாமிக்குக் கேக்கட்டும்."

மூன்றாம் தரம் எனக்கு எரிச்சலே வந்துவிட்டது. மாமி என்னைப் பார்த்து, "ஒருத்தரும் மூட ஏலாதா மனே?" என்று கேட்டார்.

"ஏலாது மாமி. சட்டம் மாதிரி எழுதிக் கிடக்கு."

மாமி எழுந்து யன்னலைத் திறந்தார். சப்பாத்தைக் கழற்றினார். கட்டிலில் சாய்ந்தவர் கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார். திரைச்சீலை அவர் முகத்துக்கு மேல் மெல்ல அசைந்தது, காலடியில் சூடு படர்ந்திருந்தது. மாமா அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் கண் சொருகியது. வண்டி ஆற்றோரமாகவே கடலுக்குப் போவதாகக் கனவு கண்டேன்.

அந்த இலையுதிர் காலமே காஸ்பே போனோம். மாமி சேலைக்கரை நனைய அலையில் நின்றதைப் பார்த்து என் கோபமெல்லாம் போய்விட்டது.

ஊரில் சண்டைக் காலத்தில் மாமி இருபது பேரோடு, யன்னல்களை அடைத்த அறையொன்றில் மூன்று நாள் இருந்தவர் என்று அம்மா சொன்னபோது நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். தன்னால் மற்றவர்கள் குளிரில் நடுங்குகிறார்களே என்ற கூச்சம்தான் மாமிக்கு அதைவிடப் பாரமாம். அதன் பிறகு மாமா வண்டியை விற்றார். விற்குமுன் அதன் இழுப்பு லாச்சியைத் துப்புரவாக்கியது நான்தான். அந்த விளக்கத்தாள் அங்கே கிடந்தது. திருப்பிப் பார்த்தேன். மறுபக்கம் முழுக்க ஆங்கிலம். துறைமுக வேலையில் நாள்தோறும் ஆங்கிலப் படிவம் வாசித்துக் கையெழுத்து வைக்கும் மாமா, யன்னல் பற்றிய வரியின் கீழே பென்சிலால் இரண்டு கோடு இழுத்திருந்தார்.

யன்னலைத் திறக்கலாம் என்று அவரே சொல்லியிருந்தால் மாமிக்கு அது தனக்காகச் செய்த சலுகையாகப் பட்டிருக்கும். நானோ, பாவம், மாமாவுக்கு அந்தத் தாளை வாசிக்கத் தெரியாது என்றுதான் அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.