மூக்குத்தியைக் கழற்றச் சொன்னவர்

காலையில் கூடைப்பந்து கோர்ட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். இந்த வருஷம் குறுவட்டப் போட்டி எங்கள் பள்ளி மைதானத்தில். பையிலிருந்த கைபேசி விடாமல் துடித்தது. கையெல்லாம் சுண்ணாம்பு. துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தால், உடற்கல்வி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் சாக்கோட்டை மாஸ்டர் ஒரு வரி போட்டிருந்தார்: "வள்ளிமயில் டீச்சர் காலமானார். மாரடைப்பு." அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

எனக்கு முதலில் தோன்றியதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'அப்பாடா, இந்த வருஷம் ஆட்சேபம் சொல்ல ஆள் இல்லை' என்றுதான் தோன்றியது. பிறகு குனிந்து நான் போட்ட கோட்டைப் பார்த்தேன். ஃப்ரீ த்ரோ கோடு லேசாகக் கோணியிருந்தது. அவர் வந்திருந்தால் வாசலில் நுழையும்போதே அதைத்தான் சொல்லியிருப்பார். அழித்துவிட்டு மறுபடியும் போட்டேன்.

பால் தெளிப்பு முடிந்த மறுநாள், அவர் வேலை பார்த்த பள்ளியிலிருந்து போன் வந்தது. "நினைவு மலர் ஒண்ணு போடுறோம் டீச்சர். நீங்கதான் அவுகள ரொம்ப வருஷமாப் பாத்தவுக. நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க" என்றார்கள். எழுதிவிட்டேன். நாலு நல்ல வார்த்தையை இதில் தேடித்தான் எடுக்க வேண்டும். அவர்கள் இதை அச்சிடப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆகவே நம் சங்கத்துக் காலாண்டிதழுக்கே அனுப்புகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வள்ளிமயில் அவர்கள் கோட்டையூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. நான் காரைக்குடியில் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் அதே வேலை பார்க்கிறேன். எங்கள் வட்டாரத்தில் பெண்களுக்கு உருப்படியான கூடைப்பந்து அணி இருந்தது இந்த இரண்டு பள்ளியில்தான். அதனால் குறுவட்டத்தில் கடைசி ஆட்டம் பெரும்பாலும் அவருக்கும் எனக்கும். அதில் ஜெயிக்கிற அணிதான் மாவட்டத்துக்குப் போகும். இத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்தில் நின்றோமே, தோழிகளாக இருப்போம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். கீரியும் பாம்பும் எங்களைப் பார்த்தால் ராசியாகிப் போயிருக்கும்.

நெட்டையான ஆள். குட்டைப் பின்னல். முகத்தில் அப்பிய பவுடர். மண்டையைப் பிளக்கும் வெயிலிலும் அந்தப் பவுடர் இருக்கும். வியர்வையில் கோடு கோடாக வழியும்; ஒதுங்கிப்போய்த் துடைத்து, மறுபடியும் பூசிக்கொண்டு வருவார். பிள்ளைகள் 'பவுடர் டீச்சர்' என்று பேர் வைத்திருந்தார்கள். அவர் காதில் விழாத தூரத்தில் நானும் அப்படித்தான் சொல்வேன். இடப்பக்க மூக்கில் ஓர் ஒற்றைக்கல் மூக்குத்தி. எங்கள் பக்கம் பெரும்பாலும் வலப்பக்கம்தான் குத்துவார்கள். 'அதிலும் இந்தம்மா ஊருக்கு எதிர்ப்பக்கம்' என்போம். இன்னொன்று, அவர் பந்தைத் தொட்டு ஒரு தடவைகூடக் கூடையில் போட்டுக் காட்டி யாரும் பார்த்ததில்லை. எல்லாம் விசிலும் வாயும்தான். பந்து பிடிக்கத் தெரியாமலே பி.டி. டீச்சர் ஆனவர் என்று நாங்கள் சிரித்ததுண்டு.

ஆட்டம் தொடங்குமுன் அவர் எதிரணிப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் பார்ப்பார். நடுவர் பார்த்து முடித்த பிறகும் பார்ப்பார். ஒருத்திக்கு நகம் நீளம், ஒருத்திக்குக் கையில் சாமிக் கயிறு, ஒருத்திக்கு இரும்பு கிளிப். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த மாமியார்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். மாமியாராவது பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்.

கார்த்திகா விஷயத்துக்கு வருகிறேன். அவள் எங்கள் அணியின் ஏழாம் நம்பர். அவளைப் போல ஓடுகிற பிள்ளை அதற்குப் பின் எனக்குக் கிடைக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு, அதுதான் கடைசி வருஷம். மாவட்டப் போட்டிக்குப் போனால் கல்லூரிகளிலிருந்து வந்து பார்த்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கொடுப்பார்கள். அவள் வீட்டில் வேறு எந்த வழியிலும் கல்லூரிக்கு அனுப்ப முடியாது. கடைசி ஆட்டம் தொடங்கப்போகிற நேரத்தில் வள்ளிமயில் என்னைக் கூப்பிட்டார்.

"செல்வராணி டீச்சர், இங்குட்டு வாங்க. உங்க ஏழாம் நம்பர் புள்ள மூக்குல என்ன அது?"

"மூக்குத்திதான் டீச்சர். இப்பத்தான் குத்துனது. கழட்டுனா ஓட்டை தூந்துரும்."

"தூரட்டும். கழட்டிட்டு எறங்கச் சொல்லுங்க."

"பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கிறோம்."

"ரூல்ல பிளாஸ்திரி இல்ல."

கார்த்திகா கழற்றிப் பார்த்தாள். பச்சைப் புண். ரத்தம் வந்ததே தவிர மூக்குத்தி வரவில்லை. கூட்டத்திலிருந்து அவள் அம்மா ஓடிவந்து, "நல்ல நாள் பாத்துக் குத்துனத எவ கழட்டச் சொல்றது?" என்று சண்டைக்கு நின்றார். வள்ளிமயில் அசையவில்லை. நடுவரும் விதியைக் காட்டிய பிறகு என்ன செய்வார்? கார்த்திகா அழுதுகொண்டே அவரைப் பார்த்துக் கேட்டாள்: "நீங்க மட்டும் போட்டிருக்கீகளே டீச்சர்?"

"நான் ஆட எறங்குறப்பக் கழட்டிக்கிறேன்" என்றார் அவர்.

ஒரே ஒரு கூடையில் தோற்றோம். கார்த்திகா பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். கல்லூரி கனவாகிப் போனது. இன்று ஒரு ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றபடி சேலை பிரித்துப் போடுகிறாள். அன்று ஆட்டம் முடிந்ததும் நான் நேராகப் போய், "ஒரு புள்ளையோட வாழ்க்கையக் கெடுத்துட்டீக, நல்லா இருங்க" என்றேன். அவர் பவுடர் டப்பாவை மூடிக்கொண்டே, "புள்ள முழு மூக்கோட வீட்டுக்குப் போகுதுல்ல? போதும்" என்றார். இவ்வளவும் செய்துவிட்டு நக்கல் வேறா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த எரிச்சலில் ஒரு வேலை கற்றுக்கொண்டேன். நகைப் பட்டறை ஆசாரியிடம் போய், மூக்குத்தியை வலிக்காமல் எப்படிக் கழற்றுவது என்று கேட்டுப் பழகினேன். தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்து, உள்பக்கம் சுண்டுவிரலால் அண்டக் கொடுத்து, வெளியே கல்லைப் பிடித்துக்கொண்டு திருகை மெல்லத் திருப்ப வேண்டும். இழுக்கவே கூடாது. அதற்குப் பின் என் பிள்ளைகளில் ஒருத்தியையும் அவரால் உட்காரவைக்க முடியவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் எண்ணெய்ச் சீசாவை அவர் கண்ணில் படுகிற மாதிரி பெஞ்சில் வைப்பேன். அவர் பார்ப்பார். அடுத்த பிள்ளையின் நகத்தைப் பார்க்கப் போய்விடுவார்.

இனி, போன வருஷத்துக் கடைசி ஆட்டம். அதற்கு முன்பே எங்களுக்கெல்லாம் ஒரு செய்தி தெரியும். அவர் பள்ளித் தாளாளர் ஆசிரியர் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் சொல்லியிருந்தார்: "இந்த வருஷமும் கப்பு வரலைன்னா அந்த கோர்ட்டுல ஸ்கூல் பஸ்ஸ நிப்பாட்டிக்கிறோம். டீச்சரும் வேற எடம் பாத்துக்கிறட்டும்." வள்ளிமயில் கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். கணவரை இழந்த தங்கையும் தங்கையின் பிள்ளைகளும் அவர் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். அந்த ஆட்டத்தில் தோற்றால் அவருக்கு என்ன போகும் என்பது மைதானத்துக்கே தெரிந்திருந்தது.

கடைசி நிமிஷம். அவர் அணி ஒரு புள்ளி முன்னால். அவருடைய கெட்டிக்காரப் பிள்ளை அபிநயா கையில் பந்து. அந்தப் பிள்ளையின் மூக்கில் ஒரு பிளாஸ்திரி. முதல் பாதியில் முழங்கை பட்டுவிட்டது என்று சொல்லி இடைவேளையில் ஒட்டியிருந்தாள், நடுவரும் விட்டுவிட்டார். நான் விடுவேனா? ஓட்டத்தில் வியர்த்துப் பிளாஸ்திரியின் ஓரம் கிளம்பியது. உள்ளே ஒரு கல் பளிச்சென்றது. கழற்றிவிட்டு இறங்கியவள், ஓட்டை தூந்துவிடும் என்று இடைவேளையில் மறுபடி போட்டு மறைத்திருக்கிறாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத வெட்கமில்லை. எத்தனை வருஷம் காத்திருந்தேன்! கார்த்திகாவின் முகம் கண்முன்னே வந்து நின்றது. 'ரூல்ல பிளாஸ்திரி இல்ல' என்று அவர் குரலிலேயே சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, ஸ்கோர் எழுதுகிறவர்களின் மேசையை நோக்கி நடந்தேன். நான் பாதி தூரம் போவதற்குள், பந்து வெளியே போய் ஆட்டம் நின்ற நொடியில், ஒரு குரல் கேட்டது.

"டைம் அவுட்!"

குரல் கொடுத்தது வள்ளிமயில். அபிநயாவை அருகே இழுத்து, பிளாஸ்திரியைப் பிய்த்தார்.

"என்னடி இது?"

"ஒரு நிமிஷந்தான டீச்சர். யாரும் பாக்கல டீச்சர்."

"நான் பாத்துட்டேன்ல? அங்குட்டுப் போயி உக்காரு."

முன்வரிசை நாற்காலியிலிருந்து தாளாளர் எழுந்துவிட்டார். "டீச்சர், என்ன பண்றீக? புள்ளைய எறக்குங்க!"

வள்ளிமயில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மூக்குத்தியோட எறங்காது சார்" என்றார். பெஞ்சில் இருந்த ஒரு சின்னப் பிள்ளையை இறக்கினார். அது பயந்துபோய்ப் பந்தைக் கை நழுவவிட்டது. எங்கள் பிள்ளைகள் எடுத்து ஓடிப் போட்டார்கள். ஜெயித்தோம்.

பிள்ளைகள் குதித்தார்கள். எனக்குக் குதிக்க வரவில்லை. இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஆட்சேபத்தை என் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போய்விட்டாரே என்று ஆத்திரமாக இருந்தது. இருந்தாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. போய் நன்றி சொன்னேன்.

"நன்றியா? எதுக்கு? உங்களுக்காகவா பண்ணுனேன்? உங்க புள்ளைகளுக்கு ஒழுங்கா ஃப்ரீ த்ரோ போடத் தெரியல. அதப் போயிச் சொல்லிக் குடுங்க. வழிய விடுங்க."

அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அந்த மாதமே அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் இந்த வருஷம் வேடிக்கை பார்க்கவாவது வந்து நின்று ஆட்சேபம் சொல்வார் என்றுதான் நினைத்திருந்தேன். சொந்தப் பள்ளிக்கே குழி பறித்தவர் என்று பெற்றோர் பேசினார்கள். இன்று கும்பிடும் கை போடுகிற நம் குழுவில் அன்றைக்கு ஒரு விரல்கூட அசையவில்லை. கோர்ட்டில் இப்போது பஸ்கள் நிற்கின்றன. அதே தாளாளர் இப்போது பஸ் ஸ்டாண்டு வாசலில் ஆளுயரத்துக்கு ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார், 'விளையாட்டின் விடிவெள்ளியே' என்று. அதில் வள்ளிமயில் படத்தைவிடத் தாளாளர் படம் பெரிது. ஐயா, விடிவெள்ளியை வேலையை விட்டுத் துரத்தியது யார் என்று ஊருக்கே தெரியும். அந்த மலரில் இந்த வரியை அச்சிடுங்கள், நானும் நாலு நல்ல வார்த்தை சேர்த்துத் தருகிறேன்.

இறந்த அன்று கோட்டையூரில் அவர் வீட்டுக்குப் போனேன். குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். எடுப்பதற்கு முன் நகையைக் கழற்றுவது வழக்கம். வளையல் வந்துவிட்டது, தோடு வந்துவிட்டது. மூக்குத்தி வரவில்லை. தங்கை திருகித் திருகிப் பார்த்துவிட்டு அழுதார். "நூலக் கட்டி இழுங்க" என்றது ஒரு குரல். "வெட்டி எடுத்துருவோமா?" என்றது இன்னொன்று.

"யாரும் தொடாதீக. தள்ளுங்க" என்றேன். "தேங்கா எண்ணெய் கொண்டாங்க."

பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய் விட்டேன். அப்போதுதான் பார்த்தேன். பவுடர் இல்லாத அவர் முகத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. வலப்பக்க மூக்கில், குத்திய இடத்திலிருந்து விளிம்பு வரை கிழிந்து, கோணல்மாணலாகத் தைத்த பழைய தழும்பு ஒன்று இருந்தது. நான் தங்கையை நிமிர்ந்து பார்த்தேன்.

"பள்ளிக்கொடத்துல பாஸ்கெட்பால் ஆடுறப்பக் கிழிஞ்சது டீச்சர். எதிர்ப் புள்ள விரலு மூக்குத்தியில மாட்டிக்கிருச்சு. அன்னைக்கு யாரும் கழட்டிட்டு எறங்குன்னு சொல்லல. மொகம் இப்படி ஆனதுக்கப்பறம் ஆடவே மாட்டேன்னுருச்சு. அம்மாதான் கெஞ்சிக் கூத்தாடி, கல்யாணம் ஆகணும்னு இங்குட்டுக் குத்திவிட்டுச்சு. கல்யாணமும் ஆகல, இதக் கழட்டவும் இல்ல. அக்கா யார்ட்டயும் சொல்லக் கூடாதும்பா."

எனக்கு வந்தது கோபம்தான். சொல்லியிருக்கலாமே டீச்சர்! அந்தக் கார்த்திகாவிடம் முகத்தைத் துடைத்து ஒரு தடவை காட்டியிருந்தால், அந்தப் பிள்ளை உங்களை இத்தனை வருஷம் சபித்திருக்காதே. நானும் இத்தனை வருஷம் உங்களோடு மல்லுக்கு நின்றிருக்க மாட்டேனே. ரூல் ரூல் என்று எங்களையெல்லாம் விரட்டிவிட்டு, காரணத்தைப் பவுடர் போட்டு மூடி வைத்தீர்களே! அதை நான் மன்னிப்பதாக இல்லை. அழுதேன். கோபத்தில்தான் அழுதேன்.

எண்ணெய் ஊறியது. சுண்டுவிரலை உள்ளே அண்டக் கொடுத்து, கல்லைப் பிடித்துக்கொண்டு, திருகை மெல்லத் திருப்பினேன். நெடுநாள் இறுகிப்போன திருகு. இழுக்கவில்லை. கடைசியில் தானாகக் கழன்று வந்தது. மூக்கில் ஒரு கீறல் இல்லை. கல்லைத் தங்கையின் கையில் கொடுத்தேன்.

வெளியே சங்கு ஊதினார்கள். தூக்குவதற்கு ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். நான் குனிந்து அவர் காதோரமாகச் சொன்னேன்.

"கழட்டியாச்சு டீச்சர். எறங்குங்க."