காப்பு கட்டிய ஆடாதோடை

போன வாரம் விக்கிரமங்கலத்தில் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் கால் வைத்ததுமே அக்கா மகள் தமிழரசியின் அழுகைச் சத்தம். யாருக்கு என்ன ஆச்சோ என்று உள்ளே ஓடினேன்.

ஆனது ஓர் ஆடாதோடைச் செடிக்கு!

தமிழரசி திருச்சியில் பிஎச்.டி. செய்கிறாள். ஆடாதோடை இலையில் இருக்கும் சில ரசாயனங்கள் ஃப்ளூ வைரஸைத் தடுக்குமா என்று லேபில் பார்க்கிறாள். முதல் சுற்றில் நல்ல ரிசல்ட். அதே செடியின் இலையில் மறுபடியும் அப்படியே வந்தால்தான் ஆய்வு செல்லுபடியாகும். அக்கா வீட்டு வேலியோரத்தில் அந்தச் செடி எதுவென்று அடையாளம் தெரிய, தண்டில் ஒரு மஞ்சள் நூலைக் கட்டிவிட்டுப் போயிருந்தாள்.

அங்கேதான் வந்தது வினை. எங்கள் பக்கம் மூலிகை பறிப்பதற்கு முன்னால் அதற்கு மஞ்சள் நூலில் காப்பு கட்டுவார்கள். கட்டிய செடிக்கு வீரியம் அதிகம் என்று ஒரு நம்பிக்கை. ஊரிலோ வீட்டுக்கு வீடு ஃப்ளூ காய்ச்சல். படித்த பெண்ணே காப்பு கட்டியிருக்கிறாள்... விடுவார்களா? ஆளாளுக்கு இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துக் குடித்ததில் செடி மொட்டை.

பக்கத்து வீட்டு சரோஜா ஆறுதல் சொல்ல வந்தார். பறித்ததில் பெரும்பங்கு அவருடையதுதான்.

"அழுவாதம்மா. எங்க எல்லாருக்கும் காய்ச்சல் வுட்டுடுச்சு. அதையே ரிசல்ட்டுன்னு எழுதிக்க."

"குடிக்காதவங்களுக்கும்தான் வுட்டுடுச்சு அத்தை" என்றாள் தமிழரசி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "எது இலையால போச்சு, எது தானா போச்சுன்னு எப்படிச் சொல்றது?"

நியாயமான கேள்வி. ஆனால் நமக்கு எப்போதுமே ரிசல்ட் வருவதற்குள் மருந்து வந்துவிட வேண்டும், இல்லையா?

நான் போய்ச் செடியைக் குனிந்து பார்த்தேன். கணுக்களில் பச்சையாக ஏதோ... துளிர்! தமிழரசியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மாமா, செடி பொழைச்சுடுச்சு! கொஞ்ச நாள்ல இலை வந்துடும்!"

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் அப்படி ஒரு சந்தோஷம். ஆய்வு கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதானே? இந்தத் தடவை நூல் கிடையாது. அக்கா செடியைச் சுற்றிக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டார்.

முள்ளை நகர்த்த ஒத்தாசை செய்தபடியே சரோஜா கேட்டார்: "ஒன் மருந்து தயாரானதும் மனுசங்களுக்குக் குடுத்துப் பாப்பீங்கல்ல? அப்பவும் பாதிப் பேரு குடிக்காம இருக்கணுமா?"

"ஆமா அத்தை. அப்பதான் வித்தியாசம் தெரியும்."

"அப்படின்னா எங்க வூட்டுக்காரரை அந்தப் பாதியில சேத்துக்க. கஷாயம்னாலே வூட்டை வுட்டு ஓடுற மனுசன்!"

ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல தொண்டர் கிடைப்பாரா, சொல்லுங்கள்?