வேலாயுதன் நாடகத்தை நான் பாராட்டிய கதை

எங்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறது. மிக்ஸிக்கு ஒன்று, ஸ்கூட்டருக்கு ஒன்று, மழை நாளில் சன்னல் இடுக்கில் சுருட்டி அடைக்க இரண்டு. அத்தனையும் ஒரு காலத்தில் என் தோளில் விழுந்தவை. போன வாரம் மகள் கேட்டாள், "அப்பா, இவ்வளவு பேரு பொன்னாடை போத்தியிருக்காங்களே, அவ்வளவு பெரிய ஆளா நீங்க?" நான் தொண்டையைச் செருமுவதற்குள் அடுக்களையிலிருந்து என் மனைவி சொன்னாள்: "போத்தினவங்க எல்லாம் உங்கப்பாவக் கொல்லணும்னு இருந்தவங்கடி."

கூடவே வாழ்ந்தவர்களுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது, என்ன செய்ய?

நனைந்த பொன்னாடைக்கு ஒரு வாடை உண்டு. பாச்சை உருண்டையும் மலிவான சாயமும் கலந்தது. அது மூக்கில் ஏறியதும் அடுத்தபடியாகச் சுக்கு மணக்க வேண்டும் என்று என் மூக்கு எதிர்பார்க்கும். ஏனென்றால் எங்கள் நாடகங்கள் நடந்தது எர்ணாகுளத்துக்கு எதிர்க்கரையில், மட்டாஞ்சேரி கொச்சங்காடியில், ஒரு சுக்குக் கிட்டங்கியின் மாடியில். கீழே மூட்டை மூட்டையாகச் சுக்கு, மேலே கலை. அந்தக் காரம் பலகை இடுக்கு வழியாக மேலே வந்துகொண்டேயிருக்கும். செத்துக் கிடக்கும் நடிகன் தும்முவான். தும்மல் வராத சோகக் காட்சியை அந்த மேடையில் நான் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளில் எங்கள் தமிழர் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலை ஒட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை, குறுநாடக விழா நடத்தும். ஒரே மாலையில் நான்கு நாடகங்கள், ஒவ்வொன்றும் இருபத்தைந்து நிமிடம். எழுதுகிறவர்கள் கார்ப்பரேஷன் ஊழியர்கள், ஹோட்டல் சப்ளையர்கள், என்னைப்போல மிளகு மண்டிக் குமாஸ்தாக்கள். ஊர் விட்டு வந்த மூன்றாம் தலைமுறை. தமிழில் சண்டை போடத் தெரியும், எழுதச் சொன்னால் பாதிப் பேருக்கு வியர்க்கும். அப்படியும் எழுதினோம். நான்கு நாடகாசிரியர்களும் ஒருவரையொருவர் மனமார வெறுத்தோம். இதைப் பொறாமை என்று சொல்லிவிட முடியாது. பொறாமைப்பட எதிராளியிடம் ஏதாவது இருக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லை என்பதில் நான்கு பேருமே உறுதியாக இருந்தோம்.

ஒரு வருடம் நாடகம் முடிந்ததும் நாற்காலிகள் பறந்தன. சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், எல்லாருக்கும் 'ஹெல்த்து சார்', மறுவாரமே ஒரு சட்டம் கொண்டு வந்தார். இனி ஒவ்வொரு நாடகம் முடிந்ததும், அன்று நாடகம் போடுகிற இன்னொரு ஆசிரியர் மேடையேறி, எழுதியவருக்குப் பொன்னாடை போர்த்தி, ஐந்து நிமிடம் பாராட்ட வேண்டும். யார் யாரைப் பாராட்டுவது என்று சாயா கிளாஸில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். "மைக்குல பாராட்டிட்டு எறங்கினவன் கீழ வந்து கையோங்க மாட்டான்டே" என்பது அவர் கணக்கு.

கையோங்கவில்லைதான். பகைக்கு நாக்கு முளைத்தது.

நாடகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பாராட்டும் கலை எங்களுக்கு வெகு சீக்கிரம் கைவந்தது. வேலாயுதனின் முதல் நாடகத்துக்கு நான் பேசியதை வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள்: "இந்த நாடகத்தில் என்னைக் கவர்ந்தது மேலே சுற்றிய மின்விசிறி. ஆரம்பம் முதல் கடைசி வரை தன் வேலையை ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான்." அடுத்த வருடம் சீட்டு மாறி விழுந்தது. என் நாடகங்களில் எப்போதும் எமன் வருவான். பெரிய காரணமில்லை; எங்களிடம் ஒரு கிரீடம் இருந்தது. வேலாயுதன் பொன்னாடையை என் கழுத்தில் சற்று இறுக்கமாகவே சுற்றிவிட்டு மைக்கைப் பிடித்தான்: "அண்ணாச்சியோட எமன் வர்றதுக்குள்ள நாங்க பாதிப்பேரு செத்துட்டோம். எமனுக்கு வேலை மிச்சம்." என் மனைவிதான் முதலில் கைதட்டினாள்.

இந்த வேலாயுதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார்ப்பரேஷனில் குடிநீர்க் குழாய் வால்வு திறக்கிற வேலை. எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்பது அவன் கையில் இருந்ததால் நடையில் ஒரு ராஜகளை உண்டு. வீட்டிலோ நிலைமை வேறு. மாமனார் வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தான். மாடியில் மைத்துனன் சேகரன். 'வீட்டோடு மாப்பிள்ளையின் வீர வசனங்கள்' என்று அதையும் ஒரு பாராட்டுரையில் நான் விட்டுவைக்கவில்லை.

அவன் மனைவி ஓமனா. நம் பெயராகத் தெரியவில்லையே என்றால், பிரசவ வார்டில் ஒரு மலையாளி நர்ஸ் கூப்பிட்ட பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. எங்கள் விழாவில் பெண் வேடத்துக்கு அதுவரை மீசை மழித்த ஆண்கள்தான். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருடம், ஓமனா தன் புருஷன் நாடகத்தில் நடிக்கப் போகிறாள் என்று செய்தி வந்தது. சேகரன் கும்பளங்கிப் பக்கம் மீனுக்கு ஐஸ் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். பேச்சும் அப்படியே குளிர்ந்து கிடக்கும். நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டான்.

அன்று வேலாயுதனைப் பாராட்டும் சீட்டு எனக்கு விழுந்தது. மாடிப்படியில் வழிமறித்தான்.

"அண்ணாச்சி, என்னைத் திட்டுங்க. என் எழுத்தைத் திட்டுங்க. ஓமனாவ மட்டும் விட்டுருங்க. கூத்தாடிக் கும்பல்னு சொல்லிக்கிட்டு அவ அண்ணன் வந்து உக்காந்திருக்கான். நாலு பேரு முன்னாடி மரியாதையா ஒரு வார்த்தை விழுந்தா அடங்கிருவான். இல்லைன்னா இதோட மதி, போதும்னுருவான், அவ இனி மேடை ஏற மாட்டா."

"நான் எப்பவும் மரியாதையாத்தானேடே பேசுவேன்?"

"அந்த மரியாதை வேண்டாம், அண்ணாச்சி."

எனக்கு உள்ளூர இனித்தது. பகைவன் வந்து கெஞ்சுவதைவிட ருசியான பலகாரம் இல்லை. புதிதாக ஒரு மின்விசிறி வசனம் தயார் செய்துகொண்டே போய் உட்கார்ந்தேன்.

நாடகம் தொடங்கியது. ஊருக்கெல்லாம் தண்ணீர் திறந்துவிடுகிறவன் வீட்டில் தண்ணீர் இல்லை. பெண் பார்க்க வருகிறார்கள். வந்தவர்கள் கால் கழுவுகிறார்கள், முகம் கழுவுகிறார்கள், குடிக்கிறார்கள், மறுபடி கேட்கிறார்கள். அம்மாவாக நடித்த ஓமனா அக்கம்பக்கத்தில் கடன் வாங்கிய குடங்களைச் சாய்த்துச் சாய்த்துக் கொடுக்கிறாள். கடைசியில் மாப்பிள்ளையின் தாய் இன்னும் ஒரு தம்ளர் கேட்கிறாள். ஓமனா உள்ளே போய் மிச்சமிருந்ததைக் கொண்டு வருகிறாள். நீட்டப் போனவள் நிற்கிறாள். தம்ளரைப் பார்க்கிறாள். பிறகு அத்தனை பேர் முன்னாலும், அவசரமில்லாமல், அதைத் தானே குடித்து முடிக்கிறாள். விளக்கு அணைந்தது.

யாரும் தும்மவில்லை. அப்போதுதான் கவனித்தேன்.

எனக்கு மிகுந்த எரிச்சலாக இருந்தது. எழுதியவன் வேறு யாராவதாக இருந்திருக்கக் கூடாதா? என் எட்டு எமன்களையும் அந்த ஒரு தம்ளரில் மூழ்கடித்துவிட்டான், படுபாவி. இதைப் பார்த்த பிறகு மின்விசிறி வசனம் வாயில் வர மறுத்தது. உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து மேடை ஏறினேன். வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல முடிவுகள் மிகக் குறைவு; அவற்றால் வந்த கேடுகள்தான் அதிகம்.

"இந்த மேடையில் நான் பார்த்ததிலேயே இதுதான் சிறந்த நாடகம்" என்றேன்.

சபை குபீரென்று சிரித்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பல வருடமாக நான் இப்படித்தான் தொடங்குவேன். இரண்டாவது வாக்கியத்தில்தான் கத்தி வரும். கத்திக்காகக் காத்திருந்தார்கள்.

"வேலாயுதனுக்கு எழுத வருகிறது" என்றேன். விசில் பறந்தது. சுக்குக் கிட்டங்கியே குலுங்கியது. எனக்கு வியர்த்தது. பாராட்டிப் பழக்கமில்லாதவன் பாராட்டப் புகுந்தால் வார்த்தை எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? ஓமனாவைப் பற்றி மரியாதையாக ஒன்று சொல்ல வேண்டுமே என்ற பதற்றத்தில், "அந்தத் தண்ணீர் இறங்கும்போது ஓமனாவின் தொண்டை அசைந்ததே, அதைப் பார்த்து எனக்கே தாகம் எடுத்துவிட்டது" என்றேன்.

"அண்ணாச்சிக்கு ஒரு கிளாஸ் வெள்ளம் கொடுங்கடே!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்.

"நான் நெசமாத்தான் சொல்றேன்!" என்று நானும் கத்தினேன். அதற்குத்தான் சிரிப்பு உச்சத்துக்குப் போனது. ஹெல்த்து சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பொன்னாடை போர்த்தும்போது வேலாயுதன் என் காதருகே, "ஒரே ஒரு வார்த்தைதானே கேட்டேன்" என்றான். அவ்வளவுதான். அதன் பிறகு இன்றுவரை அவன் என்னோடு பேசியதில்லை.

சேகரன் எழுந்தான். மேடையைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், "ஓமனா, எறங்கு" என்றான். அவள் முகப்பூச்சைக்கூடத் துடைக்காமல் இறங்கி வந்தாள். என்னைக் கடந்து போகையில் சேகரன் சொன்னான்: "தொண்டை வரைக்கும் பாத்தாச்சுல்ல? போதும்."

படியிறங்கும்போது ஹெல்த்து சார் என் முதுகில் தட்டினார். "இத்தனை வருஷத்துல நீ இவ்வளவு பிரமாதமாப் பேசினதே இல்லடே."

அடுத்த ஆண்டு வேலாயுதன் நாடகம் தரவில்லை. நான் எமனோடு போனேன். என்னைப் பாராட்ட வந்தவர் நல்லவிதமாக இரண்டு வார்த்தை சொன்னார். அவர் உண்மையைத்தான் சொல்கிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன், கண்டுபிடிக்க வழியில்லை. நானும் எழுதுவதை விட்டேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓரிரு வருடம் விழா இழுத்துக்கொண்டு கிடந்து நின்றுபோனது.

சில வருடம் கழித்து மட்டாஞ்சேரி படகுத்துறையில் எர்ணாகுளம் போட்டுக்காக நிற்கும்போது ஓமனாவைப் பார்த்தேன். ஆலுவாவில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறாளாம். மனசில் கிடந்ததை இறக்கிவிடலாம் என்று, "அன்னைக்கு நான் கேலி பண்ணல, ஓமனா. நெசமாத்தான் சொன்னேன்" என்றேன்.

"அறியாம் அண்ணாச்சி" என்று மலையாளத்தில் தலையாட்டினாள். "அன்னைக்கே தெரியும்."

எனக்கு மூச்சு வந்தது. அவள் அதை அனுபவிக்க விடவில்லை.

"அதுக்குத்தான் உங்கள மன்னிக்க மாட்டேன். அத்தனை வருஷம் பொய் சொன்ன வாயி, அந்த ஒரு நாளைக்கு என்னத்துக்கு உண்மை பேசணும்? வழக்கம்போலத் திட்டியிருந்தீங்கன்னா எங்கண்ணனுக்கு ரோஷம் வந்திருக்கும். உங்கள நாலு அடி போட்டுட்டு, என் தங்கச்சி நடிப்பாடான்னு சொல்லியிருப்பான். உங்களுக்கு ஒரு பல்லு போயிருக்கும், அவ்வளவுதானே?"

போட் வந்தது. பெண்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் அடுத்த போட்டுக்கு நின்றேன்.

இப்போது அந்த மாடியில் வெளிநாட்டுக்காரர்கள் காப்பி குடிக்கிறார்கள். பலகையை எடுத்துவிட்டு டைல்ஸ் போட்டாயிற்று, சுக்கும் மணப்பதில்லை. ஹெல்த்து சார் போய்விட்டார். அன்று சிரித்தவர்கள் பிள்ளைகள் இருக்கும் ஊர்களுக்குச் சிதறிவிட்டார்கள். அன்றைய நாடகத்தின் கையெழுத்துப் பிரதியை வேலாயுதன் அந்த வாரமே கிழித்துப் போட்டான் என்று கேள்வி. வேலாயுதனை இன்றும் எனக்குப் பிடிக்காது. அது வேறு விஷயம். ஒரே ஒரு முறை, இருபத்தைந்து நிமிடம் நடந்த அந்த நாடகம் இப்போது என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அது எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா என்று யாரிடமாவது ஆரம்பித்தால், என் முகத்தைப் பார்த்து இப்போதே சிரிக்கத் தயாராகிவிடுகிறார்கள்.