குமிழிக்கு மேலே தெரிந்த வரிகள்

ஒரு துப்பறியும் நாவலின் கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் இருந்தேன். பக்கத்தின் மேல் மிளகுத்தூள் சிந்தியதுபோலக் கரும்புள்ளிகள் தெரிந்தன. எங்கள் வீட்டில் மிளகு எங்கே வேண்டுமானாலும் சிந்திக் கிடக்கும். ஊதிப் பார்த்தேன், போகவில்லை. புறங்கையால் தட்டினேன், போகவில்லை. புத்தகத்தை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்தேன். சுவரிலும் அவை இருந்தன.

கண் ஓரத்தில் அவ்வப்போது ஒரு வெளிச்சம் வெட்டியது. வெளியே மழை பெய்துகொண்டிருந்ததால் மின்னல் என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலை இடது கண்ணின் கீழ்மூலையில் ஒரு கறுப்பு ஏறியிருந்தது. சாயங்காலத்துக்குள் பாதிக் கண்ணை மறைத்துவிட்டது. வலி துளியும் இல்லை. வலி இல்லாததால்தான் ஒரு பகலை வீணாக்கினேன். இதைப் படிக்கிற யாருக்காவது கண்ணில் மிளகு சிந்தினால் ஊதிக்கொண்டு உட்காராதீர்கள், அன்றைக்கே கிளம்புங்கள்.

நாங்கள் கொல்லிமலைமேல் குண்டூர் நாட்டில் விவசாயம் செய்கிறவர்கள். மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கிறோம். எனக்கு இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் வாசிப்பு. நாமக்கல்லில் ஒரு புத்தகக் கடையில் சொல்லிவைத்திருக்கிறேன். புதிதாக ஏதாவது வந்தால் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார்கள். மலைமேல் சோளக்காடு பஸ் நிறுத்தத்தில் காத்திருந்து வாங்கிக்கொள்வேன். துப்பறியும் கதை, சரித்திரம், கவிதை, பயணம், பயிர் வளர்ப்பு எதுவானாலும் சரி. என் வீட்டுக்காரர் எட்டாவது வரை படித்தவர். அவர் வாசிப்பதெல்லாம் உர மூட்டையின் மேல் இருப்பதுதான்.

என் வலது கண் சோம்பல் கண் (சின்ன வயதில் கவனிக்காமல் விட்டதால் மூளை பயன்படுத்தப் பழகாத கண்). ஆள் வருவது தெரியும், மாடு தெரியும், எழுத்து தெரியாது. இத்தனை வருடங்களாக நான் வாசித்த அத்தனையும் இடது கண்ணால் வாசித்தவை. அந்தக் கண்ணில்தான் கறுப்பு ஏறியிருந்தது. அது போனால் நடமாட்டத்துக்குக் குறை இருக்காது, வாசிப்பு முடிந்துபோகும்.

சேலத்தில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனோம். சீட்டு போடும் இடத்தில் “எந்த ஊர்?” என்று கேட்டார்கள். “நாமக்கல்லுங்க” என்றார் வீட்டுக்காரர். மலையை விட்டு இறங்கினால் நாங்கள் எல்லோருமே அப்படித்தான் சொல்வோம். கொல்லிமலை என்று சொல்லிப் பாருங்கள். தேன் கிடைக்குமா, முடவாட்டுக்கால் கிழங்கு கொண்டுவந்தீர்களா, அருவியில் தண்ணீர் விழுகிறதா, சித்தர்களைப் பார்த்திருக்கிறீர்களா என்று வந்த காரியத்தை மறக்கடித்துவிடுவார்கள். நாமக்கல் என்றால் ஒரு கேள்வியும் இல்லை.

டாக்டர் ஒரு பெண்மணி. விழித்திரை விலகல் என்றார் (கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் கிழிந்து உரிந்து வருவது). கண்ணுக்குள் இருக்கும் பசையை எடுத்துவிட்டு வாயுவை நிரப்புவார்களாம். வாயுக் குமிழி படலத்தைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பிறகு மெல்லக் கரைந்துவிடும்.

“மறுபடியும் படிக்க முடியுங்களா?” என்று கேட்டேன்.

“படலம் ஒட்டணும். ஒட்டினதுக்கு அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும்” என்றார். இனிப்பாகப் பேசாத டாக்டர். எனக்கு அவரைப் பிடித்தது.

அறுவை முடிந்ததும் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். குமிழி மேல்நோக்கி மிதக்கும், ஆகவே கண்ணின் பின்சுவர் மேலே இருக்க வேண்டும். சாப்பாடும் பேச்சும் தலையைக் கவிழ்த்தபடியேதான். பார்க்க வருகிறவர்களின் செருப்புகளை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கப் பழகினேன். கழுத்து கழன்றுவிடும்போல இருக்கும். இந்த அறுவைக்குப் போகிறவர்கள் தலையணையை இரண்டாக எடுத்துப் போங்கள், நெற்றிக்கு ஒன்று, நெஞ்சுக்கு ஒன்று.

வலியைவிட அந்த நாவல்தான் என்னை அரித்தது. ஒரு கிராமத்து வைத்தியரின் மனைவிக்கு யாரோ விஷம் வைத்துவிடுகிறார்கள். பாதிக் கதையிலிருந்து அவள் நினைவில்லாமல் கிடக்கிறாள். வைத்தவன் யார் என்று தெரியாமலேயே எனக்குக் கறுப்பு ஏறிவிட்டது. வீட்டுக்காரரிடம் வாசிக்கச் சொன்னேன்.

“நானா? எனக்குப் படிச்சா கொட்டாவி வரும் புள்ள” என்றார். ஆனாலும் எடுத்தார். கண்டக்டர் ஊர்ப்பெயர் சொல்வதுபோல ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி வாசித்தார். ‘திகைத்தான்’ என்றாலும் ‘செத்தான்’ என்றாலும் ஒரே குரல். காதால் கேட்கும்போது பக்கத்தைப் பின்னால் புரட்டித் துப்பைச் சரிபார்க்க முடியாது. சொன்னதை நம்பித்தான் ஆக வேண்டும். வைத்தியரின் கம்பவுண்டர்தான் குற்றவாளி என்று கடைசி அத்தியாயத்தில் தெரிந்தது. நான் சந்தேகப்பட்டது அவனைத்தான். கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள், வைத்தியர் அழுதார். அந்த இடத்தைத் தங்குதடையில்லாமல் மளமளவென்று வாசித்து முடித்தார். அன்றைக்குத்தான் அவருக்கு வாசிப்பு கைவந்தது என்று நினைத்தேன். நல்ல நாவல், ஆனால் இப்படி ஒரு இனிப்பான முடிவு ஒட்டவில்லை என்று தோன்றியது.

அடுத்தது ஒரு பாலைவனப் பயணநூல். கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு நிறுத்தினார். “மூணு பக்கத்துக்கு மணலுதான் புள்ள. எந்தப் பக்கம் பாத்தாலும் மணலாம். அடுத்ததுக்குப் போவமா?”

முழு நூலும் எனக்கு அந்த வேகத்தில்தான் கிடைத்தது. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அந்த நூலுக்கு அவருடைய சுருக்கமே போதும்.

மறு பரிசோதனையில் படலம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊருக்குப் போகலாம், இனிமேல் உட்காரலாம், மல்லாந்து மட்டும் படுக்கக் கூடாது என்றார் டாக்டர். குமிழி கரைய இன்னும் பல வாரம் ஆகுமாம். “பஸ்லயே போகலாம். விமானம் மட்டும் ஏறிடாதீங்க.”

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். “நாங்க எங்கீங்க விமானத்துக்குப் போறது?”

சேந்தமங்கலம் தாண்டி அடிவாரத்தில் வளைவுகள் ஆரம்பிக்கும் வரைக்கும் ஒன்றுமில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர்க்காரர்கள் வாந்தி எடுப்பார்கள், நாங்கள் தூங்குவோம். அன்று எனக்குக் குமட்டியது. உடம்பு பலவீனம் என்று எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தேன். பாதி வளைவுகளைத் தாண்டியபோது கண் உள்ளேயிருந்து வெளியே தள்ளியது. அதுவரை அந்தக் கண்ணில் மங்கலாக ஒரு வெளிச்சமாவது இருந்தது. சட்டென்று அதுவும் அணைந்தது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். இருட்டு.

வீட்டுக்காரர் டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“எங்க இருக்கீங்க?”

“பஸ்ஸுலீங்க. மலையேறிக்கிட்டு இருக்கறோம்.”

“எந்த மலை? உங்க ஊர் நாமக்கல்தானே?”

“ஆமாங்க. நாமக்கல்லுதானுங்க. கொல்லிமலை.”

டாக்டர் கத்தினார். “இறங்குங்க! பஸ்ஸை விட்டு மட்டும் இல்ல, மலையை விட்டே இறங்குங்க. இப்பவே.”

அந்த வளைவிலேயே இறங்கினோம். மரவள்ளி மூட்டை ஏற்றி ஒரு லாரி இறங்கி வந்தது. வீட்டுக்காரர் நடுரோட்டில் நின்று மறித்தார். “அக்காவ உள்ள ஏத்துங்க” என்றார் டிரைவர், வேறு எதுவும் கேட்கவில்லை. இறங்கும் வழியெல்லாம் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண் முன்னால் கையை ஆட்டிக்கொண்டே வந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. இதை வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை. அடிவாரம் நெருங்கும்போது இருட்டு கொஞ்சம் சாம்பல் நிறமானது. அதில் என் கை ஒரு நிழலாக அசைந்தது. “தெரியுதுங்க” என்றேன். வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மருத்துவமனையில் மெல்லிய ஊசியால் கொஞ்சம் வாயுவை வெளியே எடுத்தார்கள். கண் அழுத்தம் (கண்ணுக்குள் இருக்கும் நீரும் வாயுவும் உள்ளிருந்து தள்ளும் விசை) இறங்கியது. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே இருக்கும் வாயு விரியும், விரிய இடம் இல்லை என்றால் நரம்புக்குப் போகும் ரத்தம் நின்றுவிடும் என்று டாக்டர் விளக்கினார். எனக்கு உடனே புரிந்தது. சோளக்காட்டுக் கடைகளில், கீழேயிருந்து வரும் சிப்ஸ் பாக்கெட்டுகள் தலையணைபோல உப்பித் தொங்குவதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்.

“இனிமே நான் எந்த ஊர்னு ரெண்டு தடவை கேக்கறேன்” என்றார் டாக்டர்.

நீங்களும் யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். ஏற்காடோ ஊட்டியோ கொல்லிமலையோ, ஊர்ப்பெயரை முழுசாகச் சொல்லுங்கள். தேனும் கிழங்கும் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

குமிழி கரையும்வரை மலையேறக் கூடாது. சேந்தமங்கலத்தில் நாத்தனார் வீட்டில் தங்கினோம். கொல்லைக் கதவைத் திறந்தால் எதிரே மலை நிற்கும். வீட்டுக்காரர் அடிக்கடி மேலே போய் எங்கள் மிளகுக் காட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். வரும்போது என் அலமாரியிலிருந்து கைக்குக் கிடைத்ததை எடுத்து வருவார். ஒருமுறை ஒரு தொழிலதிபரின் நோய் அனுபவ நூல் வந்தது. நோய் தனக்குக் கிடைத்த பரிசு என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார்.

“பரிசாமா?” என்றார் வீட்டுக்காரர். “இந்தாள ஒருக்கா நம்ம பஸ்ஸுல ஏத்தணும்.” அதை மூடிவிட்டோம். எனக்கும் நோய் எந்த ஞானத்தையும் தரவில்லை. தரும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

மிளகுக்கொடியின் வாடல் நோய் பற்றிய சிறு நூல் ஒன்றை நான் கேட்காமலேயே இரண்டு தடவை வாசித்தார். வேரில் நீர் தேங்கக் கூடாது என்கிற இடம் வந்ததும் நிறுத்தி, “இந்தாளு காட்டுல நின்னு எழுதியிருக்கான்” என்றார். அந்தக் காலத்தில் அவர் சொன்ன விமரிசனங்களில் மிகச் சிறந்தது அதுதான்.

குமிழி சுருங்கச் சுருங்கப் பார்வை மேலிருந்து திரும்பியது. மேலே ஒரு பட்டை தெளிவு, அதற்குக் கீழே குடத்துத் தண்ணீர் தளும்புவதுபோல ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே எல்லாம் மூழ்கிக் கிடந்தது. ஒரு கவிதைத் தொகுப்பைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். முதல் வரி மட்டும் குமிழிக்கு மேலே நின்றது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். முடித்ததும் அழுதேன். வரி அப்படி ஒன்றும் சோகமானதல்ல, மழைக்கு முன் துணி எடுப்பதைப் பற்றியது.

முன்பெல்லாம் கவிதைத் தொகுப்புகளை வேர்க்கடலை தின்பதுபோல ஒரே மூச்சில் முடித்துவிடுவேன். இப்போது ஒரு தடவைக்கு ஒரு வரிதான். அந்த வேகத்தில் படித்தபோது ஒன்று தெரிந்தது. பாதிக் கவிதைகளுக்கு முதல் வரியே போதும். மீதி வரிகளைக் கவிஞர் பழக்கதோஷத்தில் எழுதியிருந்தார்.

குமிழி ஒரு கடுகளவாகி, ஒருநாள் காலையில் காணாமல் போனது. கண்ணாடி மாற்றினார்கள். எழுத்து தெரிகிறது, ஆனால் ஒவ்வொரு வரியும் நடுவில் லேசாக வளைந்துதான் தெரிகிறது. படலம் ஒட்டிய இடத்தில் ஒரு சுருக்கம், அப்படியே இருக்கலாம் என்றார் டாக்டர். ஒரு பக்கம் முடிப்பதற்குள் கண் களைத்துவிடும். முன்பு வருடத்தைப் புத்தகங்களால் அளந்தவள், இப்போது ஒரு நாளைப் பக்கங்களால் அளக்கிறேன். கண் என்று ஒன்று இருப்பதே முன்பு எனக்குத் தெரியாது, வாசிப்பது நான் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அதனிடம் கேட்டுக்கொண்டுதான் புத்தகத்தைத் திறக்கிறேன்.

மலையேறினோம். அந்த வளைவு வந்தபோது வலது கண்ணைப் பொத்திக்கொண்டேன். சாலையோர மரமும் ஓரக்கல்லும் பின்னால் போயின. காது மட்டும் அடைத்துத் திறந்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் துப்பறியும் நாவலை எடுத்தேன். மட்டமான தாள், பொடி எழுத்து. காதால் கேட்டதைக் கண்ணால் சரிபார்க்க வேண்டும் என்ற பிடிவாதத்தில் பல நாட்கள் எடுத்துக் கடைசி அத்தியாயத்துக்கு வந்தேன். கம்பவுண்டர் மாட்டினான். கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அந்தப் பெண் கண் விழிக்கவில்லை. தண்ணீர் கேட்கவில்லை. விடிவதற்கு முன் இறந்துபோகிறாள், வைத்தியர் விளக்கை அணைக்கிறார், கதை முடிகிறது. இன்னொரு தடவை படித்தேன். வளைந்த வரிகளிலும் அப்படித்தான் இருந்தது. நாவலுக்கு அதுதான் சரியான முடிவு.

வீட்டுக்காரர் வாசலில் தார்ப்பாயில் மிளகைப் பரப்பிக்கொண்டிருந்தார். புத்தகத்தோடு போய் நின்றேன்.

“ஏனுங்க, அந்தப் பொம்பள பொழைக்கவே இல்லீங்களே.”

கையில் மிளகோடு நிமிர்ந்தார். மாட்டிக்கொண்டவர் முகமாக அது இல்லை.

“கடைசிப் பக்கம் வரைக்கும் நீயே படிச்சியா?”

“ஆமாங்க.”

“பொடி எழுத்துல்ல அது” என்றார். “முழுசுமா படிச்ச?”

முழுசும் என்றேன். மிளகைப் போட்டுவிட்டு எழுந்து வந்து புத்தகத்தை வாங்கினார். கடைசிப் பக்கத்தை விரித்து, என் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

“எங்க, எனக்குக் கேக்கற மாதிரி ஒருக்கா படி.”