அருள்நாதன் சார் வைத்த தகுதி வரம்பு

"கண்ணு கலங்கிகீது. இது தேறாது" என்று வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு அடுத்த கூடைக்கு நகர்கிறார் அருள்நாதன் சார். ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேட்டில் இவருக்கு மீன் விற்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கண், செவுள், வால், பிடித்த படகு என எல்லாவற்றிலும் பாஸானால்தான் பைக்குள் இடம். "யோவ் வாத்தியாரே, மீனு வாங்க வந்தியா, அட்மிஷன் போட வந்தியா?" என்று மீன்காரி அடைக்கலமேரி கேட்டால் சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். இவர் சிரிக்கமாட்டார். நல்ல மீனெல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகு, எந்தத் தகுதியும் இல்லாத காரப்பொடி மீனோடு வீட்டுக்குப் போவார்.

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வணிகவியல் துறைத் தலைவர் இவர். அதே துறையில் நான் அலுவலக உதவியாளன். முதுகலைப் படிப்புக்கு யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்ய ஒரு குழு இருக்கிறது. அதற்குத் தலைவரும் இவர்தான். ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பெழுதுவது என் வேலை. எனக்கு ஓட்டுக் கிடையாது. சேர்க்கக் கூடாதவர்களைப் பற்றிப் பேசும்போதுதான் சார் முகத்தில் ஒரு களை வரும்.

கோயில் திருவிழாவையும் இவர் விட்டுவைத்ததில்லை. மாதா சப்பரம் ஆடாமல் போகவேண்டும், அதனால் தூக்குகிறவர்கள் எல்லாரும் ஒரே உயரம் இருக்கவேண்டும் என்று ஒரு வருஷம் விதி போட்டார். ராயபுரம் முழுக்கத் தேடியும் மூன்று பேர்தான் தேறினார்கள். நான்காவது முனைக்கு இவரே தோள் கொடுத்தார். சார் கொஞ்சம் குள்ளம். மாதா அன்று தெரு முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே வந்தாள்.

பிறந்து வளர்ந்தது ராயபுரம், அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். ஆனால் குழுக் கூட்டத்தில் சார் பேசினால் வானொலியில் செய்தி கேட்கிற மாதிரி இருக்கும். கோபம் வந்தால் மட்டும் ராயபுரம் எட்டிப்பார்க்கும். துறைமுக மேலாண்மையில் மாலைநேர முதுகலை தொடங்கலாம் என்று முடிவானபோது அப்படித்தான் ஆயிற்று. எந்தப் பட்டமானாலும் சரி என்று பெரிய மனது பண்ணினார். மதிப்பெண்ணுக்கு ஒரு வரம்பு, அரியர் கூடாது என்று ஒரு வரம்பு வைத்தார். அப்படியும் மனம் ஆறவில்லை. பட்டம் வாங்கி ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனவர்கள் வேண்டாம் என்றார். எதற்கு சார் என்று யாரோ கேட்டுவிட்டார்கள். "உப்புக் காத்துல கதவுக் கீலே துருப்புடிச்சிப் பூடுது. மூள இன்னா ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா?" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த கூட்டத்தில் உறுதி செய்துவிட்டால் விதி அச்சுக்குப் போய்விடும்.

இடையில் வந்த ஞாயிறு அவர் வீட்டில் எனக்குச் சாப்பாடு. காரப்பொடிக் குழம்பை ஊற்றிக்கொண்டே அவர் மனைவி மெர்லின் பேச்சை எடுத்தார்.

"இன்னாங்க, உங்க புதுப் படிப்புக்கு நானும் அப்ளிகேஷன் போடலாம்னுகீறேன்."

"மார்க்கு கீதா?"

"கீது."

"அரியரு?"

"ஒண்ணுங்கூட இல்ல."

"அப்போ தாராளமா..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். வயிற்றில் பிள்ளையோடு தபால் வழியில் பி.ஏ. எழுதித் தேறியவர் மெர்லின். அந்தப் பிள்ளை இப்போது காலேஜுக்குப் போகிறாள். துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் ஆபீஸில் மெர்லினுக்கு வேலை. முதுகலை இல்லாதவருக்கு மேனேஜர் பதவி இல்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அவருக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள் இரண்டு பேர் மேனேஜராகியும் விட்டார்கள்.

அந்தத் துரு வசனத்தைச் சார் வீட்டிலும் பெருமையாகச் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. "எனக்காவ ஒண்ணியும் மாத்த வேணாம்" என்றார் மெர்லின், நிதானமாக. "எங்க துருப்புடிச்சிகீதுன்னு மட்டும் காட்டுங்க. நானே தேய்ச்சிக்கிறேன்."

சார் ரசத்தை அப்பளத்தின் மேல் ஊற்றிக்கொண்டார். எனக்கே பாவமாக இருந்தது.

அடுத்த கூட்டத்தில், கதவைச் சாத்தியதும், அந்த ஐந்து வருஷ விதியை நீக்கிவிடலாம் என்றார் சார். இத்தனை வருஷத்தில் இவர் எதையும் நீக்கி யாரும் பார்த்ததில்லை.

"எப்படி சார்? கதவுக் கீலே துருப்பிடிக்குதே?" என்றார் குழு உறுப்பினர் செங்குட்டுவன்.

"இன்னிக்கு ஒண்ணைத் தளர்த்தினா நாளைக்குத் தரம் என்ன ஆகும் சார்? நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே" என்றார் ரூத் மேடம்.

சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரு விஷயத்தை மறைக்க விரும்பவில்லை. என் மனைவியும் இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்க இருக்கிறார்."

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தேவகிருபை மேடத்துக்குத்தான் முதலில் பொறி தட்டியது. "எங்களை டெஸ்ட் பண்றீங்கன்னு புரியுது சார்" என்று சிரித்தார். "யார் வீட்டுக்காரங்க வந்தாலும் நாங்க அசைய மாட்டோம்." மேசையைத் தட்டி எல்லாரும் ஆமோதித்தார்கள்.

"அய்ய, டெஸ்ட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!" ராயபுரம் வெளியே வந்துவிட்டது. "நான் அன்னிக்கி சொன்னது தப்புபா. வூட்ல ஒரு வாரமா பாத்துகினு கீறேன். அவகிட்ட ஒரு பொட்டு துரு இல்ல!"

சார் எவ்வளவு தத்ரூபமாக நடிக்கிறார் என்று அவர்கள் முகத்தில் மரியாதைதான் கூடியது. எனக்கு வாய்விட்டுச் சொல்லிவிடலாமா என்றிருந்தது. குறிப்பெழுதுகிறவன் வாயைத் திறக்கக் கூடாது என்பதும் இவர் போட்ட விதிதான்.

"சரி, ஓட்டுக்கு விடறேன்" என்றார் சார். "விதியை எடுத்துடலாம்னு நெனக்கிறவங்க கையத் தூக்குங்க."

முதல் ஆளாக வலது கையைத் தூக்கினார். செங்குட்டுவன் கையைக் கட்டிக்கொண்டார். ரூத் மேடம் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சார் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசி முகம் வரை பார்த்துவிட்டு, இடது கையையும் தூக்கினார்.