யாரு என்னத்த ஏத்தினாங்களோ

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற அந்தப் பெண்ணைத் தெருவில் கோணக்கை என்பார்கள். முகத்துக்கு நேரே, அக்கா. அவளுடைய வலது மணிக்கட்டைப் புருஷன் கதவிடுக்கில் வைத்து, கதவை உடம்பால் சாத்தினான். எலும்பு கோணலாகவே ஒட்டிக்கொண்டது. அதனால் ஸ்க்ரூ கழற்ற இடது கை. "கை கோணிச்சு, ஆனா சனியன் விட்டுச்சுல்ல" என்பாள். சிரிக்காமல் சொல்வாள்.

எந்தக் கம்ப்யூட்டர் பெட்டி வந்தாலும் திறப்பதற்கு முன் அவள் வாயில் ஒரு வாக்கியம் வரும். "யாரு என்னத்த ஏத்தினாங்களோ." அதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது. தொண்டையைச் செருமிக்கொள்வது மாதிரிதான். வந்தவர்கள் உடனே மகனையோ மருமகளையோ திட்ட ஆரம்பிப்பார்கள். அந்த நேரத்தில் அவள் நிம்மதியாக யோசிக்கலாம்.

பேனர் அச்சடிக்கிற கடைக்காரர் தன் பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் தொப்பென்று போட்டார்.

"ஆன் பண்ணா படம் வருது. உடனே கோடு கோடா இழுத்துட்டு அணைஞ்சு, திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்குது. முன்னெல்லாம் ரெண்டு உதை விட்டா எந்திரிச்சிடும். இப்ப உதைக்கும் மசியல."

"மாடுகூட இந்நேரம் முட்டியிருக்கும்ணே."

"என் தம்பியும் அப்படித்தான். உதைச்சாத்தான் ஓடுவான்."

தம்பிதான் அவர் கடையில் பேனர் வரைபவன். பெட்டியைத் தொடுகிற ஒரே ஆள்.

அவள் ஸ்விட்சைப் போட்டாள். படம், கோடுகள், இருட்டு. சேஃப் மோடில் போட்டுப் பார்த்தாள். அத்தியாவசியமானதை மட்டும் வைத்துக்கொண்டு எழுகிற அந்த நிலையில் பெட்டி சமர்த்தாக ஓடியது. அப்படியானால் உறுப்புகளில் கோளாறு இல்லை, உள்ளே யாரோ ஏற்றிய ஏதோ ஒரு புரோகிராம் கெடுக்கிறது என்று நினைத்தாள்.

"யாரு என்னத்த ஏத்தினாங்களோ" என்றாள். இந்த முறை அர்த்தத்தோடு.

"அவனைத் தவிர யாரு?"

"கேம் கீம் ஏதாவது இருக்கும்ணே. எல்லாத்தையும் துடைச்சுட்டுப் புதுசா போட்டுடறேன். நாளைக்கு வாங்க."

மறுநாள் பக்கத்துத் தையல்காரர் ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டு வந்து நின்றார். பிறகு அதை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்.

"பேனர் கடையில ஒரே ரகளைக்கா. அண்ணன்காரன் தம்பியைப் போட்டு அடிச்சிருக்கான். பேனர் வெட்டறப்ப அழுத்திப் பிடிப்பாங்களே, இரும்பு ஸ்கேல், அதால. கையை மேசையில வைக்கச் சொல்லி."

"எதுக்கு?"

"என்னத்தடா ஏத்தினன்னு கேட்டானாம். ஏத்தலைன்னு சொன்னா ஒரு அடி. நிஜமாவே ஏத்தலண்ணேன்னா இன்னொண்ணு. மூணு விரல் ஒடிஞ்சு போச்சு."

அவள் முன்னால் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. காலையில்தான் முழுவதும் துடைத்துப் புதிதாகப் போட்டிருந்தாள். தையல்காரர் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் கோடுகள் விழுந்தன. அணைந்தது.

துடைத்த பெட்டி. உள்ளே ஒன்றுமே இல்லை. யாரும் எதையும் ஏற்றவில்லை.

மெமரியை மாற்றினாள். கோடுகள். பவர் சப்ளையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வேறொன்று மாட்டினாள். கோடுகள். திரைக்குப் படம் அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டை உருவிவிட்டு, மானிட்டர் வயரைப் பெட்டியின் சொந்தத் துளையிலேயே சொருகினாள். ஓடியது. கனமான வேலைகளைக் கொடுத்துப் பார்த்தாள். அசையவில்லை. கார்டைத் திரும்பச் சொருகினாள். இருட்டு.

கார்டின் ஒரு மூலை தொங்கியிருந்தது. பென்சிலை அடியில் கொடுத்து நிமிர்த்தினாள். படம் நின்றது. பென்சிலை எடுத்தால் போனது. அந்த மூலையில் ஈயப்பற்று விட்டிருந்தது. சேஃப் மோடில் கார்டுக்கு வேலை அதிகமில்லை, சூடாகாது, விரிசல் திறக்காது. அதுதான் அவளை ஏமாற்றியிருந்தது. பெட்டியைத் திருப்பினாள். கார்டு இருக்கிற இடத்துக்கு நேரே தகரம் உள்வாங்கியிருந்தது, ஷூ முனை அளவுக்கு.

பேனர் கடைக்காரரிடமிருந்து போன் வந்தது. "என்னத்த ஏத்தியிருந்தான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லு. அவனுக்கு இன்னொரு கை பாக்கி இருக்கு."

கார்டு பழசாகிவிட்டது என்று சொன்னால் போதும். யாரும் மேலே கேட்கமாட்டார்கள். ஆனால் அதையும் அவர் தம்பி தலையில்தான் கட்டுவார்.

"ரெண்டு பேரும் வாங்க. கண்ணால பாருங்க" என்றாள்.

வந்தார்கள். தம்பியின் வலது கை கட்டுக்குள் இருந்தது. உதடு கிழிந்திருந்தது. அவன் யாரையும் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தான். அவள் பென்சிலை வைத்துக் காட்டினாள், எடுத்துக் காட்டினாள். பிறகு தகரத்தைத் தொட்டாள்.

"உதைதான்ணே."

"என்னையா சொல்ற?"

"உங்க காலைச் சொல்றேன்."

அவர் மேசையில் ஓங்கிக் குத்தினார். பென்சில் உருண்டது, திரை இருண்டது. "நீதானடி சொன்ன, எவனோ ஏத்திட்டான்னு!"

"சொன்னேன். பாக்காம சொன்னேன். இவன் ஒண்ணும் ஏத்தல."

தம்பி இடது கையை நீட்டி, மேசையில் கழற்றிக் கிடந்த பவர் சப்ளையை எடுத்தான். செங்கல் மாதிரி கனம். அண்ணன் நெற்றியில் இறக்கினான். புருவம் பிளந்தது. "என்னத்த ஏத்தினேன்? சொல்லு. என்னத்த ஏத்தினேன்?" மறுபடி ஓங்கினான். அவர் கையைத் தூக்கவில்லை. அடி கன்னத்து எலும்பில் விழுந்தது, ஒரு பல் தெறித்து மேசைக்கடியில் போனது. அவர் முட்டி மடங்கிச் சுவரில் சரிந்தார். தம்பி மூன்றாவது முறை ஓங்கினான். இந்த முறை உச்சந்தலைக்கு.

ஓங்கிய கை அவளுக்கு எட்டவில்லை. எட்டியது கட்டுப்போட்ட கை. அதைப் பிடித்து, விரல்களைச் சேர்த்து நசுக்கினாள்.

அவன் அலறினான். பவர் சப்ளை தரையில் விழுந்தது. அவள் விடவில்லை. கட்டுத்துணியில் சிவப்பு ஊறி வந்தது.

"விடுடி அவன் கைய!" அண்ணன் சுவரைப் பிடித்து எழுந்தார். ரத்தம் கண்ணை மறைக்க, குருடன் மாதிரி துழாவிக்கொண்டு அவள்மேல் பாய்ந்தார். "விடுடி! எலும்பு இன்னும் சேரலடி!"

விட்டாள்.

தம்பி அண்ணனைப் பார்த்தான். கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வெளியே நடந்தான். அவர் பின்னாலேயே போனார். தெருவில் இறங்கியதும் அவன் திரும்பினான்.

"வராத."

அவர் வாசலிலேயே நின்றார்.